மெங்குடு: இலைக்கு ஒரு வணக்கம், சாற்றுக்கு ஓர் எச்சரிக்கை



வெள்ளிக்கிழமை பூசை முடிந்து பந்தியில் அமரும்போது பலரும் என்னிடம் பலவித ஐயங்களைக் கேட்பது வழக்கம். பணியிலிருந்து ஓய்வு பெற்றாலும் ஆசிரியர் என்ற பெயர் ஓய்வு பெறுவதில்லை போலும்! அக்கேள்விகளில் திரும்பத் திரும்ப வருவது இதுதான்: "வாத்தியாரையா, மெங்குடு சாறு குடிக்கலாமா? இனிப்புநீருக்கு நல்லதாமே, சிறுநீரகத்தைச் சுத்தம் செய்யுமாமே?" ஒருவருக்கு ஒரு வரியில் சொல்லி முடிக்கக்கூடிய விடையன்று இது. ஆகவே இவ்வாண்டு மலரில் சற்று விரிவாகவே எழுதிவிடலாம் என்று துணிந்தேன்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். மலாய்க்காரர்கள் மெங்குடு என்பதும், ஹவாய்த் தீவினர் நோனி என்பதும் ஒரே மரந்தான். தாவரவியலார் இதனை மொரிண்டா சிட்ரிஃபோலியா என்பர். சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 1753-ஆம் ஆண்டு நூலில் பதிவு செய்த பெயர் அது. மொரிண்டா என்பதற்கு 'இந்திய முசுக்கொட்டை' என்று பொருள் கொள்ளலாம். காயைப் பார்த்தவர்களுக்கு இப்பெயரின் பொருத்தம் புரியும். முசுக்கொட்டைப் பழத்தை உருளைக்கிழங்கு அளவுக்கு ஊதிவிட்டாற்போல் இருக்கும். மேலெல்லாம் கண் கண்ணாகக் கட்டங்கள் தெரியும். அக்கண்களிலிருந்து சிறு வெள்ளைப் பூக்கள் எட்டிப் பார்ப்பதால், காயின் மீதே பூப் பூத்திருப்பது போன்ற தோற்றம் உண்டாகும். பல பூக்களின் அடிப்பாகங்கள் ஒன்றாய் ஒட்டி ஒரே காயாகிவிடுகின்றன என்பதே அதன் இரகசியம்.

தமிழகத்திலிருந்து கப்பலேறி வந்த நம் முன்னோர்கள் இம்மரத்தைக் கண்டவுடன் நுணா என்று அழைத்தனர். அவர்கள் ஊரில் கண்ட நுணா, அதாவது மஞ்சணத்தி, உள்நாட்டுக் காடுகளிலும் வயல் வரப்புகளிலும் வளர்வது. வெட்டினால் மரம் மஞ்சளாயிருக்கும். மாட்டு வண்டிக்கு நுகத்தடி செய்வார்கள். மெங்குடு அதற்குப் பங்காளி முறை. இலை பெரிது, காயும் பெரிது. இதனை வெண்ணுணா என்று பிரித்துச் சொல்வோரும் உண்டு. குழந்தைகளின் மாந்தத்திற்கு நொச்சி, பொடுதலையோடு நுணா இலையையும் சேர்த்துக் கஷாயம் வைக்கும் வழக்கம் நாட்டு வைத்தியத்தில் உள்ளது. அந்த நுணா ஊர் நுணாதான். இதை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், மெங்குடு சாறு விற்போர் சித்த வைத்தியத்தில் நுணாவுக்குச் சொல்லப்பட்ட பெருமைகளையெல்லாம் அப்படியே எடுத்துப் போத்தலின் மீது ஒட்டிவிடுகிறார்கள். பங்காளியின் சொத்துக்கு உரிமை கொண்டாடுவது போலத்தான்!

இக்குடும்பம் பெரிய குடும்பம். நாம் காலையில் அருந்தும் காப்பி இதே குடும்பம். முருகப் பெருமானுக்குச் சாத்தும் வெட்சியும் இதே குடும்பம். இன்னோர் உறவினரும் உண்டு. அவரைப் பற்றிச் சற்றுப் பின்னர் சொல்கிறேன்.

மெங்குடுவின் தனிச்சிறப்பு, அது உப்புக்கு அஞ்சாத மரம் என்பதே. லூமுட் கடற்கரையிலும், பாகான் டத்தோவின் தென்னந்தோப்பு ஓரங்களிலும், உப்புக்காற்று முகத்தில் அடிக்கும் மணலில் இது பளபளவென்று நிற்கும். மற்றப் பழமரங்கள் இலை கருகி நிற்கும் இடத்தில் இதன் இலை எண்ணெய் தடவியதுபோல் மின்னும். பவளத் தீவுகளிலும், எரிமலைக் குழம்பு உறைந்த பாறையிலும், சுண்ணாம்புப் பாறை இடுக்கிலும் வளரக்கூடியது. விதையைப் பிளந்து பார்த்தால் ஒரு புறத்தில் சிறு காற்றறை இருக்கும். மரக்கலத்திற்கு மிதவை கட்டியது போல அந்த அறை விதையை மிதக்க வைக்கிறது. மாதக்கணக்கில் கடலில் மிதந்தும் முளைக்கும் திறன் அதற்கு உண்டு. இவ்வாறு தென்கிழக்காசியக் கரைகளில் அலைகளே இதைப் பரப்பின. பசிபிக் தீவுகளின் தூரத்து மூலைகளுக்கோ, பாலினீசிய மக்கள் தங்கள் படகுகளில் ஏற்றிச் சென்றனர். குடியேறப் போகும் தீவுக்குத் தேங்காய், சேம்பு முதலியவற்றோடு இதையும் கொண்டு போனார்கள் என்றால், அவர்கள் வாழ்வில் இது எத்துணை முக்கியமானதாக இருந்திருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

ஈப்போ வட்டாரத்துப் பழைய ரப்பர்த் தோட்டங்களில் வளர்ந்தவர்கள், லயத்துக்குப் பின்னால் சிறிய இலையுடன் தானாக முளைத்து நின்ற ஒரு வகையையும் பார்த்திருப்பீர்கள். மலாய்க்காரர் அதனை மெங்குடு கெச்சில், அதாவது சிறு மெங்குடு, என்பர். அது மற்றொரு பங்காளி. இக்கட்டுரை பெரிய மெங்குடுவைப் பற்றியது.

சரி, உண்பதற்கு வருவோம். என்னைக் கேட்டால் இம்மரத்தின் உண்மையான செல்வம் அதன் இலைதான். இளம் இலையில் சுண்ணாம்புச் சத்தும், புரதமும், உடலில் வைட்டமின் ஏ-யாக மாறும் பீட்டா கரோட்டினும் உள்ளன. மலாய்க் கம்பத்தில் இளந்தளிரைக் கொதிநீரில் முக்கி எடுத்து உலாமாகச் சம்பாலுடன் உண்கிறார்கள். தாய்லாந்தில், மீனையும் தேங்காய்ப்பாலையும் சேர்த்து ஆவியில் வேக வைக்கும் ஹோர் மோக் என்னும் பண்டத்திற்கு இவ்விலையை அடியில் பரப்புவது பழைய வழக்கம். பர்மாவில் பழுக்காத காயைக் கறியாகச் சமைப்பர். பசிபிக் தீவுகளில் பஞ்ச காலத்தில் பழத்தையும் தின்று உயிர் வாழ்ந்திருக்கிறார்கள். விதையை வறுத்து உண்பதும் உண்டு.

எங்கள் வீட்டில் பாட்டி செய்த துவட்டலை இங்கே எழுதிவிடுகிறேன். நுனியிலிருந்து மூன்றாம் நான்காம் இலை வரைதான் எடுக்க வேண்டும். அதற்குக் கீழே முற்றிய இலை, நார் நாராக வாயில் நிற்கும். நடு நரம்பைக் கிழித்து எறிந்துவிட்டு, இலைகளைச் சுருட்டிப் புகையிலை நறுக்குவது போல மெல்லியதாக நறுக்குங்கள். நிறையத் தண்ணீர் கொதிக்க வைத்து, சிட்டிகை உப்புப் போட்டு, ஐந்து நிமிடம் வேகவிட்டு நீரை இறுத்துவிடுங்கள். கசப்பில் பாதி அந்த நீரோடு போய்விடும். பிறகு கடுகு, உளுத்தம்பருப்பு, காய்ந்த மிளகாய், சின்ன வெங்காயம் தாளித்து, இலையைப் பிழிந்து போட்டுக் கிளறி, இறக்கும்போது ஒரு கைப்பிடி தேங்காய்ப்பூ. கொஞ்சம் பாசிப்பருப்பு வேகவைத்துச் சேர்த்தால் இன்னும் நல்லது. மிச்சமிருக்கும் இளங்கசப்பு, இரசம் சோற்றுக்கு மிகப் பொருத்தம். விரத நாள்களில் வெங்காயத்தை நீக்கிவிட்டுச் செய்யலாம்.

பழத்தைப் பற்றி அவ்வாறு புகழ்ந்து பேச என்னால் இயலவில்லை. பச்சையாயிருந்து மஞ்சளாகி, கடைசியில் வெளுத்துக் கண்ணாடி போலாகும்போது அதிலிருந்து எழும் நாற்றம் உலகப் பிரசித்தம். ஆங்கிலேயர்கள் இதற்குப் பாலாடைக்கட்டிப் பழம் என்றே பெயர் வைத்தார்கள். கெட்டுப்போன பாற்பொருளின் வாடையும் ஆட்டுக்கிடை வாடையும் கலந்தது எனலாம். இது வெறும் உவமையன்று. பழத்தின் நாற்றத்துக்குக் காரணமான அமிலங்களில் ஒன்றான கேப்ரிலிக் அமிலத்தின் பெயரே ஆட்டைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது.

வேர்ப்பட்டை சாயத்துக்குப் பேர் போனது. படிகாரம் போன்ற அலுமினியச் சத்துள்ள பொருளோடு சேர்த்தால் துணியில் நிலையான சிவப்பு ஏறும். ஜாவாவின் லாசெம் ஊர் பாத்திக்கின் சிவப்பு மெங்குடு வேர் தந்ததே. இந்தியாவிலும் ஆல் என்ற பெயரில் இச்சாயத்துக்காகப் பயிரிட்டார்கள். 1868-இல் ஜெர்மானிய வேதியியலார் அலிசரின் என்னும் சிவப்புச் சாயத்தைச் செயற்கையாக ஆக்கிக் காட்டினர். அதன்பின் இப்பயிர் படிப்படியாக மறைந்தது. சாயத்துக்கு நல்லதான அதே வேர், குடிப்பதற்கு நல்லதன்று. அதிலுள்ள லூசிடின் என்னும் பொருள், உயிரணுக்களின் மரபுப் பொருளைச் சேதப்படுத்தக்கூடியது என்று ஆய்வுக்கூடங்களில் கண்டிருக்கிறார்கள். ஆகவே வேரைக் கஷாயம் வைத்துக் குடிக்கும்படி யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

மருத்துவப் பயனுக்கு வருகிறேன். இதில்தான் பொறுமையுடன் வாசிக்கும்படி வேண்டிக்கொள்கிறேன்.

மலாய் நாட்டு வைத்தியத்தில் மெங்குடு இலையை அனலில் வாட்டி, எண்ணெய் தடவி, வயிற்றின் மீதோ மார்பின் மீதோ போடுவார்கள். வயிற்றுவலி, இருமல், காய்ச்சல், மண்ணீரல் வீக்கம் ஆகியவற்றுக்கு இது கைவைத்தியம். தோட்டத்து மக்களும் கம்பத்து அண்டை வீட்டாரிடமிருந்து இதைக் கற்றுக்கொண்டனர். மண்ணீரல் வீக்கம் என்றதும் பழைய தலைமுறையினருக்குக் குளிர்க்காய்ச்சல் நினைவுக்கு வரும். மலாய் மொழியில் மலேரியாவுக்கு டெமாம் கூரா என்று பெயர். கூரா என்றால் மண்ணீரல். காடழித்து ரப்பர் நட்ட காலத்தில் நம்மவர் ஆயிரக்கணக்கில் மாண்டது அந்நோயாலேதான். பாட்டி தம் தங்கையையே அதில் இழந்தவர். வாட்டிய இலையைப் பிள்ளையின் வயிற்றில் போட்டால் பிள்ளை சற்று அயர்ந்து தூங்கும், அவ்வளவுதான் என்பார். காய்ச்சலை நிறுத்தியது டிரெசர் கொடுத்த கசப்பு மருந்தாகிய கொய்னா. அந்தக் கொய்னா எடுக்கப்பட்ட சின்கோனா மரம் எது தெரியுமா? மேலே சொல்லாமல் விட்டேனே, மெங்குடுவின் அந்த இன்னோர் உறவினர் அதுதான்! ஒரே குடும்பத்தில் ஒருவர் ஆறுதல் சொல்பவர், மற்றவர் நோயைத் தீர்ப்பவர். ஆறுதலும் வேண்டியதுதான். ஆனால் எழுத்தறியாத பாட்டி இரண்டையும் வேறுபடுத்தி அறிந்திருந்தார். பட்டம் பெற்ற பேரப்பிள்ளைகள் அதை மறந்துவிட்டார்கள்.

பசிபிக் தீவுகளிலும் பெரும்பாலும் வெளிப்பூச்சாகத்தான் இதனைப் பயன்படுத்தினர். கட்டி, காயம், அடிபட்ட வீக்கம் ஆகியவற்றின் மீது இலையையோ பழத்தையோ நசுக்கிக் கட்டுவார்கள். தினமும் காலையில் ஒரு கிளாஸ் சாறு என்பது பண்டைய வழக்கமன்று, அண்மைக்கால வாணிகம். ஹவாயில் அன்னாசிப்பழ ஆய்வில் ஈடுபட்டிருந்த ரால்ஃப் ஹைனிக்கி என்னும் வேதியியலார் 1985-இல் ஒரு கட்டுரை எழுதினார். நோனிப் பழத்திலிருந்து உடலில் 'செரோனின்' என்னும் அற்புதப் பொருள் உண்டாகிறது என்றார். அப்பொருளின் அமைப்பை இன்றளவும் எவரும் நிறுவிக் காட்டவில்லை. ஆனால் 1990-களில் நேரடி விற்பனைக்காரர்கள் கையில் அக்கட்டுரை கிடைத்துவிட்டது. புற்றுநோய் முதல் முடி உதிர்தல் வரை தீராத நோயே இல்லை என்று போத்தல் போத்தலாக விற்றனர். 1998-இல் அமெரிக்காவின் சில மாநில அரசுகள் தலையிட்டு, ஆதாரமற்ற நோய் தீர்க்கும் விளம்பரங்களை ஒரு நிறுவனம் நிறுத்த உடன்படும்படி செய்தன. அதற்குள் அலை நம் நாட்டுக்கும் வந்துவிட்டது. பழங்களைப் போத்தலில் அடைத்து, வெயிலில் வாரக்கணக்கில் வைத்து ஊறிய சாற்றை வீட்டிலேயே இறுத்து விற்றவர்களும் ஈப்போவில் இருந்தனர்.

ஆய்வே நடக்கவில்லை என்று சொல்லிவிட முடியாது. ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் புற்றுநோய் ஆய்வு நிலையம் நோயாளிகளுக்கு நோனிப் பழத்தூளைக் கொடுத்து முதற்கட்டச் சோதனை செய்தது. கட்டி சுருங்கியதாகக் காணப்படவில்லை. எலிகளிலும் கண்ணாடிக் குழாயிலும் கண்ட நல்ல குறிகள் பல. மனிதரின் நோயொன்றைத் தீர்க்கிறது என்று உறுதிப்பட்ட சான்று இல்லை. ஐரோப்பிய ஆணையம் 2003-இல் நோனிச் சாற்றை அனுமதித்தது, மருந்தாக அன்று, உணவாக. 2005-இல் ஆஸ்திரியாவில் சாறு குடித்த சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டதாக மருத்துவர்கள் எழுதினர். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2006-இல் அவற்றைப் பரிசீலித்து, சாறுதான் காரணம் என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்றது. இருப்பினும் கல்லீரல் நோயுள்ளவர்கள் ஒதுங்கியிருப்பதே நல்லது என்பது என் கருத்து.

சிறுநீரகத்தின் கதை வேறு. அங்கே ஊகத்துக்கு இடமில்லை. 2000-ஆம் ஆண்டில் அமெரிக்கச் சிறுநீரக மருத்துவ இதழ் ஒன்றில் ஒரு நோயாளியைப் பற்றி வெளிவந்தது. பத்தியத்தை ஒழுங்காகக் கடைப்பிடிப்பதாகச் சொன்ன அவருக்கு இரத்தத்தில் பொட்டாசியம் ஏறியிருந்தது. விசாரித்தபோது நோனிச் சாறு குடிப்பது தெரிந்தது. சோதித்துப் பார்த்ததில் ஒரு லிட்டர் சாற்றில் 56 மில்லிமோல் பொட்டாசியம், அதாவது ஏறத்தாழ 2,200 மில்லிகிராம். ஆரஞ்சுச் சாற்றிலும் தக்காளிச் சாற்றிலும் உள்ள அளவுதான் இது. நல்ல சிறுநீரகம் உள்ளவருக்கு ஒரு தீங்குமில்லை. மிச்சம் சிறுநீரில் போய்விடும். டயாலிசிஸ் செய்பவருக்குப் போக வழியில்லை. இரத்தத்தில் 3.5 முதல் 5 வரை இருக்க வேண்டிய பொட்டாசியம் 6-ஐத் தாண்டினால் இதயத்துடிப்பு தடுமாறும். முன்னறிவிப்பின்றி நின்றும் போகலாம். நாளொன்றுக்கு 2,000 மில்லிகிராம் அளவில் நிறுத்திக்கொள்ளச் சொல்லப்பட்டவர், 200 மில்லிலிட்டர் கிளாஸ் ஒன்றிலேயே 440 மில்லிகிராம் குடித்துவிடுகிறார்.

எங்கள் அன்னதானக் கூடத்தில் காய்கறி நறுக்கித் தரும் தொண்டர் ஒருவர் வாரம் மும்முறை டயாலிசிஸ் செய்பவர். வாழைப்பழப் பிரசாதத்தைக்கூடக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பக்கத்திலுள்ளவரிடம் கொடுத்துவிடுவார், அத்தனை கட்டுப்பாடு. ஆனாலும் மாதாந்திர இரத்தச் சோதனையில் பொட்டாசியம் ஏறிக்கொண்டே போனது. தாதி என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டபோதெல்லாம் அவர் உண்மையையே சொன்னார். உறவினர் ஒருவர் அன்போடு வாங்கித் தந்த மெங்குடு சாற்றை மட்டும் சொல்லவில்லை. "அது சாப்பாடு இல்லையே, மருந்துதானே" என்றார் என்னிடம். அவர் மனைவி போத்தலைக் கொண்டுபோய்த் தாதியிடம் காட்டிய பிறகுதான் விஷயம் விளங்கியது. நிறுத்தினார், அடுத்த மாதம் எண் இறங்கியது. இன்றும் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருக்கிறார், முருகன் அருளால்.

நம் சமூகத்தில் இது ஒருவர் இருவர் கதையன்று. 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி நாட்டின் பெரியவர்களில் நூற்றுக்கு 18.3 பேருக்கு நீரிழிவு. இந்தியர்களை மட்டும் எடுத்தால் நூற்றுக்கு 31.4 பேர். புதிதாக டயாலிசிஸுக்கு வருவோரில் பாதிக்கு மேற்பட்டோர் நீரிழிவால் வருபவர்கள். யாருக்குச் சாறு விற்கப்படுகிறதோ, அவர்களுக்கே அது அதிக ஆபத்து. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அரசாங்கக் கிளினிக்கில் இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் பெரிண்டோப்ரில் போன்ற மாத்திரைகள் தாமாகவே பொட்டாசியத்தைச் சற்று உயர்த்தக்கூடியவை. சிறுநீரகம் தளர்ந்துகொண்டிருப்பது தெரியாமலேயே அந்த மாத்திரையும் இந்தச் சாறும் சேர்த்து எடுப்பவர்கள் உண்டு.

சட்டம் என்ன சொல்கிறது என்று சிலர் கேட்கலாம். 1956-ஆம் ஆண்டின் மருந்துகள் (விளம்பரம், விற்பனை) சட்டம், 20 வகை நோய்களைக் குணப்படுத்துவதாகப் பொதுமக்களுக்கு விளம்பரம் செய்வதைத் தடை செய்கிறது. நீரிழிவு, சிறுநீரக நோய், புற்றுநோய், இரத்த அழுத்தம் நான்கும் அப்பட்டியலில் உள்ளன. பாரம்பரிய மருந்தாகப் பதிவு பெற்றதாயின் மால் என்னும் எழுத்துகளும், எட்டு இலக்கங்களும், இறுதியில் டி எழுத்தும் கொண்ட எண் இருக்கும். அந்த எண் தரத்துக்கும் பாதுகாப்புக்கும் சோதித்தார்கள் என்பதற்கு அடையாளம். நோய் தீரும் என்பதற்கு உத்தரவாதமன்று. பல சாறுகள் வெறும் பானமாகவே விற்கப்படுவதால் அந்த எண்ணும் இருக்காது. வீட்டில் போத்தல் இருந்தால், மாதாந்திர மருந்து வாங்கப் போகும்போது அதையும் பையில் போட்டுக்கொண்டு போய் மருந்தாளரிடம் காட்டுங்கள். கட்டணமில்லை.

ஆலயத்தின் பின்புறம், சமையற்கூடத்தை ஒட்டி நிற்கும் மெங்குடு மரத்திலிருந்து துவட்டலுக்கு இலை வேண்டுவோர் தாராளமாகப் பறித்துக்கொள்ளலாம். டயாலிசிஸ் செய்பவர்கள் கீரை வகை எதையும் போலவே இதையும் தங்கள் உணவு ஆலோசகரைக் கேட்டு, வேகவைத்த நீரைக் கொட்டிவிட்டே உண்ண வேண்டும். தளிரை மட்டும் கிள்ளுங்கள். போன மாதம் யாரோ ஒரு கிளையையே ஒடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.